அத்தியாயம் 6: மாற்று ஆள் இல்லாத வேலை

இதுவரை வந்த அத்தியாயங்கள் கட்டிலில் படுத்திருப்பவரைப் பற்றியவை. எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது, கஞ்சியை எந்தப் பதத்தில் கொடுப்பது, மூத்திரக் குழாயை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்றெல்லாம் பார்த்தோம். இந்த அத்தியாயம் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கிறவரைப் பற்றியது.

திருப்புட்குழியிலோ பாலுசெட்டிசத்திரத்திலோ ஒரு வீட்டில் யாராவது பக்கவாதத்தில் விழுந்துவிட்டால் முதல் வாரம் ஊரே வந்து பார்க்கும். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் குவியும். வருகிற அத்தனை பேரும் "இப்ப எப்படி இருக்காரு?" என்று கேட்பார்கள். "நீ எப்படிம்மா இருக்கே? ராத்திரி தூங்கினியா?" என்று கேட்பவர் அபூர்வம். ஆறு மாதத்தில் அந்த வருகையும் நின்றுவிடும். மனைவியோ மகளோ மருமகளோ, யார் முதல் நாள் கை கொடுத்தாரோ அவர் தலையிலேயே முழுப் பொறுப்பும் வந்து விழுந்திருக்கும்.

மனநலம் என்றதும் மூச்சுப் பயிற்சி செய், நல்லதையே நினை, சாமி மேல் பாரத்தைப் போடு என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். அதில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் பார்த்துக்கொள்கிறவரின் மனம் பெரும்பாலும் இரவுத் தூக்கம் போவதில்தான் உடையத் தொடங்குகிறது. கையில் காசு இல்லாதபோது, வாசலைத் தாண்ட முடியாதபோது, செய்த வேலையையே செய்யவில்லை என்று பேச்சு வாங்கும்போது அது இன்னும் விரிசல் விடுகிறது. எனவே முதல் வைத்தியம் ஆளும் நேரமும் தூக்கமும்தான். மற்றவை அதற்குப் பிறகு.

நம் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கோயில் சுவரில் இருப்பது பலருக்கும் தெரியும். குடவோலைக்காக அதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதில் இன்னொரு விதியும் இருக்கிறது. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று எந்த வாரியத்தில் இருந்தாலும் 360 நாள்தான். ஒருமுறை இருந்து விலகியவரின் பெயரை அடுத்த மூன்று ஆண்டுகளுக்கு ஓலையில் எழுதக் கூடாது. ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பு முறை வைத்து ஆள் மாற்றிய மாவட்டம் இது. அதே மாவட்டத்தில், மாமனாரைப் பத்து வருஷமாகப் பார்க்கும் மருமகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட முறை மாறுவதில்லை.

உடம்பு முதலில் சொல்லும்

அமெரிக்காவின் ஒஹாயோவில் 1995-ல் ஒரு சோதனை நடந்தது. மறதி நோய் வந்த உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்களையும், அதே வயதில் அந்தச் சுமை இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டு, முன்கையில் ஒரு சின்னக் காயம் ஏற்படுத்திப் பார்த்தார்கள். பார்த்துக்கொள்கிற பெண்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. மனச்சுமை தோல் வரைக்கும் இறங்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

நம் ஊர்ப் பெண்கள் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவதில்லை. "உடம்பெல்லாம் அடிச்சுப் போட்டாப்பல இருக்கு", "நெஞ்சு படபடங்குது", "எரிச்சல் எரிச்சலா வருது" என்றுதான் சொல்வார்கள். டாக்டரும் கூட்டத்தில் ஒரு சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து அனுப்பிவிடுவார். அடுத்த முறை போகும்போது இதை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள்: "வீட்டுல படுத்த படுக்கையா ஒருத்தர் இருக்காரு, நான் ஒருத்திதான் பாத்துக்கறேன், இத்தனை நாளா தூக்கம் இல்ல." இந்த ஒரு வாக்கியம் டாக்டரின் காதில் வேறு மாதிரி விழும்.

எப்போது போவது? இரண்டு வாரம் விடாமல் எதிலும் மனம் ஒட்டவில்லை, படுத்தாலும் தூக்கம் வரவில்லை அல்லது விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால் இனியும் தள்ளிப்போட வேண்டாம். இதற்கு மருந்து உண்டு. "மனசு மாத்திரை போட்டா பைத்தியம்னு சொல்லுவாங்க" என்ற பயத்தில் வருஷக் கணக்கில் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் அதிகம். சொல்கிறவர்களில் எத்தனை பேர் வந்து ஒரு ராத்திரி முழித்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று எண்ணிப் பார்த்துவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளலாம்.

இந்தச் சுமையை அளந்து பார்க்க நம் பக்கத்திலேயே ஒரு வழி கண்டார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், நாள்பட்ட மனநோயாளிகளின் குடும்பத்தாரிடம் கேட்பதற்கென்று 40 கேள்விகள் கொண்ட ஒரு பட்டியலை 1998-ல் வெளியிட்டார்கள். நோயாளியை மட்டும் பரிசோதித்துவிட்டு உடன் வந்தவரை வெளியே பெஞ்சில் உட்காரவைப்பதே வழக்கமாக இருந்த துறையில், பெஞ்சில் இருந்தவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டது பெரிய விஷயம். மனநல மருத்துவரிடம் போனால் "என்னையும் ரெண்டு நிமிஷம் கேளுங்க" என்று நீங்களே சொல்லலாம். அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

"மருமக சோறே போடல"

உடம்பு நோவைவிட ஆழமாக இறங்குவது பேச்சு. மறதி நோய் உள்ள வீடுகளில் இது கிட்டத்தட்டத் தவறாமல் நடக்கும். மாமியார் காலையில் இட்லி சாப்பிட்டிருப்பார். பத்து மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "இன்னும் ஒருவா சோறு போடல" என்பார். முடிச்சில் வைத்த காசு காணோம், மருமகள்தான் எடுத்தாள் என்பார். ஊர் காதுகொடுத்துக் கேட்கும். சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போகும்.

அவர் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. புதிய நினைவுகள்தான் முதலில் அழிகின்றன. சாப்பிட்டது நினைவில் இல்லாதபோது, பசிக்கிறதோ இல்லையோ, சாப்பிடவில்லை என்ற முடிவுக்குத்தான் மனம் வரும். வைத்த இடம் மறந்துபோன பொருளை யாரோ எடுத்துவிட்டதாகத்தான் தோன்றும். யார் எப்போதும் கூடவே இருக்கிறாரோ அவர்மேல் சந்தேகம் விழும். அதனால்தான் மாதம் ஒருமுறை வரும் மகள் தங்கமாகவும் தினமும் மலம் துடைக்கும் மருமகள் திருடியாகவும் ஆகிறார்கள். உங்கள்மேல் பழி விழுகிறதென்றால், நீங்கள்தான் எப்போதும் அவர் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதே காரணமாக இருக்கும்.

இது புரிந்தாலும் வலி போகாது. குறைக்கச் சில வழிகள் உண்டு. "இப்பத்தானே தின்னீங்க" என்று வாதாடாதீர்கள். அந்த வாதத்தில் யாரும் ஜெயித்ததில்லை. ஒரு பிஸ்கட்டோ அரை டம்ளர் மோரோ கொடுத்துப் பேச்சை வயல், மழை, பழைய கல்யாணம் என்று திருப்புங்கள். பழசு அவருக்கு நன்றாக நினைவிருக்கும். முடிச்சுக் காசுக்குப் பதில் சில்லறை போட்ட ஒரு சுருக்குப்பையை எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். காணோம் என்றால் நீங்கள் எடுத்துக்கொடுக்காமல், அவரோடு சேர்ந்து தேடி அவரே கண்டெடுக்கும்படி விடுங்கள்.

எதிர்வீடு பக்கத்துவீடு இரண்டிலும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: "அத்தைக்கு மறதி வியாதின்னு டாக்டர் சொல்லிட்டாரு. சாப்பிட்டதே ஞாபகம் இருக்காது. உங்ககிட்ட ஏதாவது சொன்னா என்னைக் கேளுங்க." அவமானமாக இருக்கும்தான். ஆனால் நோயின் பெயர் ஊரில் முதலில் பரவிவிட்டால், வதந்திக்குப் பிறகு இடம் குறைவு.

இன்னொன்று, என் கணிப்பில் மிக முக்கியமானது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நீங்கள் போகாதீர்கள். மகனோ மகளோ கூட்டிப்போகட்டும். டாக்டர் வாயால் நோயைக் கேட்கவேண்டியது அவர்கள்தான். நீங்கள் வந்து சொன்னால் அது சாக்கு, டாக்டர் சொன்னால் அது வியாதி. ஒரு நாள் காத்திருப்பு வரிசையில் நின்று, கழிப்பறைக்குக் கூட்டிப்போய், பேருந்தில் சமாளித்துக் கொண்டுவந்து சேர்த்தவர் அதற்குப் பிறகு போனில் உபதேசம் செய்வதைப் பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார்.

வரக்கூடாத நினைப்பு

"போய்ச் சேர்ந்தா தேவலை." வெகுநாள் பார்த்துக்கொள்கிறவர் மனத்தில் இந்த நினைப்பு ஒருமுறையாவது வரும். வந்த உடனே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். களைத்த உடம்பு ஓய்வைக் கேட்கிறது, அது இந்த உருவத்தில் வருகிறது, அவ்வளவுதான். அது பாவக் கணக்கில் சேராது. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிவிட்டால் பாதி கரையும்.

கை ஓங்கும் அளவுக்குக் கோபம் வந்தால் அது வேறு. அப்போது நோயாளி கீழே விழாமல் படுக்கவைத்துவிட்டு அறையைவிட்டு வெளியே வாருங்கள். கிணற்றடியில் முகம் கழுவி, யாரையாவது கூப்பிட்டுக் கொஞ்ச நேரம் உட்காரவையுங்கள். அடித்துவிட்டால், அடுத்த நாள் அதை மறைக்கப் பாடுபடாமல் வீட்டில் சொல்லுங்கள். இனி ஒருவரால் முடியாது என்பதற்கு உடம்பே கொடுத்த அறிவிப்பு அது.

மனைவியைப் பார்த்துக்கொள்ளும் ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் இதைக்கூடச் சொல்வதில்லை. ராத்திரி மதுக்கடையில் தேடினால் கிடைப்பார்கள். அவர்களிடம் "மனசு எப்படியிருக்கு" என்று கேட்டால் பதில் வராது. "வாப்பா, ரெண்டு மணி நேரம் நான் இருக்கேன், போய்த் தூங்கு" என்றால் தூங்குவார்கள்.

ஆள் மாற்றும் முறை

2024-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 59 வயதுக்குள் வீட்டாரைப் பராமரிக்கும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிடுவது 140 நிமிடம், ஆண்கள் 74 நிமிடம். குழந்தையைப் பார்ப்பதும் இதில் அடங்கும். படுக்கையில் ஒருவர் இருக்கும் வீட்டில் 140 நிமிடம் காலை பத்து மணிக்கே தீர்ந்துவிடும். ஆகவே வீட்டில் பேசித்தான் ஆகவேண்டும்.

பேசும்போது பெரும்பாலோர் செய்யும் தவறு, "யாராச்சும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணக்கூடாதா" என்று பொதுவாகக் கேட்பது. பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "ஞாயித்துக்கிழமை காலைல ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் நீ இருக்கணும்" என்று ஆளையும் மணியையும் சொல்லிக் கேளுங்கள். ஒரு நோட்டுத்தாளில் ஏழு நாளையும் எழுதி, எந்த வேளைக்கு யார் என்று குறித்து, காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிஃப்டில் போகும் ஆட்கள் உள்ள வீட்டில் இது சுலபம். அங்கே அடுத்த ஷிஃப்ட் ஆள் வராமல் ஒருவரையே நிற்கவைத்தால் என்ன கூச்சல் போடுவோம் என்று அவர்களுக்கே தெரியும். நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவரைக் காலையில் எழுப்பாதீர்கள். பிற்பகல் இரண்டு மணி நேரம் அவருடையது என்று எழுதிவிடுங்கள்.

எதை விட்டுக்கொடுத்தாலும் இரவை விட்டுக்கொடுக்காதீர்கள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டிய நோயாளி என்றால், பார்த்துக்கொள்கிறவருக்கு முழு இரவு என்பதே கிடையாது. வாரத்தில் இரண்டு இரவாவது அவர் வேறு அறையில், முடிந்தால் வேறு வீட்டில், விடியும்வரை தூங்கவேண்டும். பொறுப்பை ஆண்கள் எடுப்பதற்கு இரவு மிகப் பொருத்தம். சமையல் தெரியாது, துணி மாற்றக் கூச்சம் என்ற சாக்குகள் புரட்டிப் படுக்கவைக்கும் வேலைக்குச் செல்லாது. ஏர் பெட் வாங்க முடிந்தால் வாங்குங்கள். புரட்டும் வேலை முழுதும் நின்றுவிடாது, ஆனால் கொஞ்சம் குறையும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் பணம் அனுப்புவார்கள். அந்தப் பணம் மருந்துக் கடையோடு முடிந்துவிடாமல் பாருங்கள். அதில் ஒரு பங்கு, மாதத்தில் சில நாள் அரைநாள் கூலிக்கு ஓர் ஆளை வைப்பதற்கென்றே இருக்கட்டும். தறி உள்ள வீடுகளில் இதன் கணக்கு இன்னும் தெளிவு. புடவை பாதியில் நிற்கும் நாளெல்லாம் கூலி நஷ்டம். அரைநாள் ஆள் வைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தால் காசுக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

கிடைத்த நேரத்தில் பாத்திரம் தேய்க்கவோ ரேஷன் வரிசையில் நிற்கவோ போகாதீர்கள். வீட்டைவிட்டு வெளியே போங்கள். "ஆஸ்பத்திரிக் கட்டிலைப் போட்டுட்டு எங்க சுத்தப்போறா" என்று ஊர் பேசுமென்றால், யாரும் வாய் திறக்க முடியாத இடம் ஒன்று இங்கே இருக்கிறது. திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலுக்குப் போகிறேன் என்றால் மாமியார்கூட ஒன்றும் சொல்ல மாட்டார். சேவித்துவிட்டு ஜடாயு தீர்த்தக் கரையில் அரைமணி உட்கார்ந்து வாருங்கள். ராமர் ஜடாயுவுக்கு இறுதிக் கடன் செய்த தலம் என்று சொல்லப்படும் ஊர் இது. பறவைக்கு அவர் பிள்ளையும் இல்லை, பங்காளியும் இல்லை. பக்கத்து வீட்டு மாமாவை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள "நமக்கென்ன உறவு" என்று யோசிக்கிறவர்களுக்கு இந்த ஊரில் அதிகம் விளக்கவேண்டியதில்லை.

அடுத்த வீட்டாரால் அப்படி என்ன செய்துவிட முடியும் என்று கேட்கலாம். கோவாவில் மறதி நோய் உள்ள 81 குடும்பங்களை வைத்து ஆய்வு செய்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். சில குடும்பங்களுக்கு உள்ளூர் ஆட்கள் குறுகிய பயிற்சி பெற்று வீட்டுக்கே போய், நோயைப் பற்றி விளக்கி, தொல்லைகளைச் சமாளிக்கச் சொல்லிக்கொடுத்து, குறைகளைக் கேட்டுக்கொண்டார்கள். நோயாளிகளிடம் பெரிய மாற்றம் இல்லை. பார்த்துக்கொண்டவர்களின் மனநிலை தேறியது. மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்தபின் கால்மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், நம் தெருவிலும் இது நடக்கும். பார்த்துக்கொள்கிறவர் கூட்டத்துக்கு வர முடியாவிட்டால் கூட்டத்தை அவர் வீட்டு வாசலில் வையுங்கள்.

அரசு கதவுகள், சுருக்கமாக

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வரும். படுத்த படுக்கையானவருக்கு வலித்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கு வரவேண்டும். தன்னார்வலர் அக்கா வந்து மாமனாருக்கு பிரஷர் பார்த்துவிட்டுக் கருவியை மடிக்கும்போது, உங்கள் கையையும் நீட்டுங்கள். பார்த்துக்கொள்கிறவர்கள் முதலில் நிறுத்துவது தங்கள் மாத்திரையைத்தான்.

புற்றுநோய் வீடுகளுக்கு, காரப்பேட்டை அறிஞர் அண்ணா நினைவு அரசு மருத்துவமனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வலியைக் குறைக்கும் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். நோயாளி இரவில் வலியில் முனகாமல் தூங்கினால்தான் நீங்களும் தூங்குவீர்கள்.

கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கு மாநில அரசின் பராமரிப்புத் தொகை மாதம் 2,000 ரூபாய். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தகுதியை அங்கே சொல்வார்கள். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21 வகைகளில் மனநோயும் பார்க்கின்சன் நோயும் உண்டு என்பதால், "இதெல்லாம் ஊனத்துல வராது" என்று நீங்களே முடிவுகட்டிவிட வேண்டாம். மகளிர் உரிமைத்தொகையை 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில்தான் தொடங்கிவைத்தார்கள். அந்த ஆயிரம் ரூபாய் பல வீடுகளில் நேரே டயப்பருக்குப் போகிறது. அதில் ஒரு சின்னத் தொகையையாவது உங்கள் பெயருக்கே வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் பிடிவாதம்.

உயிர் பற்றிய நினைப்பு வந்தால்

"நானும் போய்ட்டா தேவலை", "ரெண்டு பேரும் சேர்ந்தே போயிடலாம்" என்று ஒருவர் சொன்னால் அதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆமாம் என்றால் அன்றிரவு அவரைத் தனியே விடக் கூடாது. அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணான 14416-ல் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சினேகா அமைப்பின் எண் 044-24640050. உடனடி ஆபத்தென்றால் 108. சாக முயன்றவர்மேல் வழக்கு வரும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்காதீர்கள். கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே அவரைக் கருதி சிகிச்சை தரவேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

பூச்சிமருந்து டப்பாவும் எலி பேஸ்டும் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. அந்த எண்ணம் உச்சத்தில் நிற்பது பெரும்பாலும் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருந்தாலே பல உயிர்கள் தப்பும். இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்த பிறகு தற்கொலைகள் பெருமளவு குறைந்தன. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பக்கத்து ஊர்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது இடத்துப் பூட்டிய பெட்டிகளில் வைத்துப் பார்த்த முயற்சியும் நடந்திருக்கிறது. நம் ஊரில் பொதுப் பெட்டி இல்லாவிட்டாலும், மோட்டார் கொட்டகையில் ஒரு பூட்டு போதும். சாவி அந்த வீட்டில் இருக்க வேண்டாம்.

பிறகு

படுத்திருந்தவர் போய்ச் சேர்ந்தபின், பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பல வருஷம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்த உடம்பு, கட்டில் காலியான பிறகும் எழும். "அப்பாடா" என்று ஒரு நினைப்பு வரும். அதைத் தொடர்ந்து குற்ற உணர்வும் வரும். இரண்டும் சகஜம். சொந்தக்காரர்கள் அப்போதும் போனவரைப் பற்றியே பேசுவார்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து ஒருவராவது போய், பார்த்துக்கொண்டவரைப் பாருங்கள். வேலைக்குத் திரும்புவதானால் முதல் நாள் கூடவே போங்கள். தூக்கமும் சாப்பாடும் அதற்குள் திரும்பவில்லை என்றால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

மீந்துபோன தூக்க மாத்திரை, வலி மாத்திரைகளை அலமாரியில் விடாமல், கொடுத்த ஆஸ்பத்திரியிலேயே ஒப்படையுங்கள். ஏர் பெட், வாக்கர், கமோடு நாற்காலி மூன்றையும் டெட்டால் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்து, தன்னார்வலர் அக்காவிடம் சொல்லிவையுங்கள். இவை தேவைப்படும் வீடு எது என்று அவருக்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடுக்கும்போது, ஏர் பெட்டில் காற்று எவ்வளவு வைக்கவேண்டும் என்பதை அங்கே பார்த்துக்கொள்கிற பெண்ணிடமே நேரில் காட்டிக்கொடுங்கள்.